புத்தகத்தில் கை வைக்கச் சொன்னவன்

முப்பத்தொரு வயதில் ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தன் என்றால் ஒக்லாந்துத் தமிழரில் நான் ஒருவன்தான். பென்ஷன் இல்லை, பிரியாவிடை இல்லை, ஒரு துண்டு கேக் கூட வெட்டவில்லை. இப்போது பென்ரோஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். அங்கே நான் பெட்டிகளை மட்டும்தான் மாற்றி வைக்க முடியும், ஆட்களின் வாழ்க்கையை அல்ல. அதனால் எல்லோருக்கும் நிம்மதி.

போன மாதம் சான்ட்ரிங்ஹாம் கடையில் மரவள்ளிக்கிழங்கு பொறுக்கிக்கொண்டு நின்றபோது எங்கள் சங்க ஆண்டு மலர் ஆசிரியர் செல்வா அண்ணை என்னைப் பிடித்தார். கையில் ஆங்கிலப் பத்திரிகை.

"டேய் குகன், உன்ர நீதிபதி ரிட்டயர் பண்ணியிட்டார். அரைப் பக்கம் போட்டிருக்கிறாங்கள். ஏழு வருசம் அவருக்குப் பக்கத்தில நிண்டனி. மலருக்கு ஏதும் எழுதித் தாவன். லோ படிக்கிற எங்கட பிள்ளையள் ரெண்டு பேர் கேட்டவங்கள்."

"அண்ணை, நான் ஓ.எல். சோதினையே பெயில்."

"அதாலதான் உன்னைக் கேக்கிறன். படிச்சவன் எழுதினா ஆருக்கு விளங்கும்?"

"எழுதினாப் போடுவியளோ? வெட்ட மாட்டியளோ?"

"கெட்ட வார்த்தை இருந்தா வெட்டுவன். மற்றும்படி போடுவன்."

பத்திரிகையை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்தேன். எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். தெற்குத் தீவில் ஒரு ரயில் நிலைய ஊழியரின் மகன். சட்டம் படிக்கும்போது விடுமுறைக்கு விடுமுறை இறைச்சித் தொழிற்சாலையில் ஆடு உரித்துச் சம்பளம் எடுத்தவர். சின்ன ஊரொன்றில் பதினைந்து வருடம் வக்கீல். பிறகு இங்கே பெரிய நீதிமன்றத்தில் நீதிபதி. அவர் வந்த காலத்தில்தான் 'சுப்ரீம் கோர்ட்' என்ற பழைய பெயரை மாற்றிப் புதுப் பெயர் வைத்திருந்தார்கள். பலகை மாறியதே தவிர, குளிர் அப்படியே இருந்தது என்பார்.

கட்டுரையின் கடைசிப் பந்தியை வாசித்தபோதுதான் எனக்குச் சோறு இறங்கவில்லை. வெலிங்டனில் இருக்கும் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அவர் போகாததற்குக் காரணம், ஒக்லாந்துக் கடலை விட்டுப் பிரிய மனமில்லாததுதானாம்.

அவருக்குக் கடலே ஆகாது. ஒருமுறை நீதிமன்ற ஊழியர்களின் சுற்றுலாவில் ஃபெரிப் படகில் ஏறி, எதிர்க்கரை போவதற்குள் மூன்றுதரம் வாந்தி எடுத்தவர். பையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

அவர் ஏன் வெலிங்டன் போகவில்லை என்று எனக்குத் தெரியும். லோ, அதுதான் சட்டம், படிக்கிற பிள்ளைகளுக்கு அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் உத்தியோகத்தின் பெயர் 'கிரையர்'. அம்மா ஊருக்குக் கடிதம் எழுதியபோது "மகன் கோட்டில வேலை" என்று மட்டும் எழுதினார். அங்கே உள்ளவர்கள் என்னை வக்கீல் என்றே நினைத்தார்கள். நானும் திருத்தவில்லை. உண்மையில் நீதிபதி வரும்போது "எல்லோரும் எழுந்து நில்லுங்கள்" என்று கத்துவதும், சாட்சிக்காரரைக் கூப்பிடுவதும், அவர்களுக்குச் சத்தியம் செய்து வைப்பதும்தான் வேலை. பதிவாளர் ஒருவர் இரண்டு கிழமை, பதினாலு நாள், பழக்கினார். தொண்டை பெரிதாக இருந்ததால் எடுத்துவிட்டார்கள்.

பழக்காத விடயங்களை நீதிபதியிடம்தான் கற்றேன். மேசையில் நான்கு பென்சில், நான்கும் கூராக. தண்ணீர்க் கிளாஸ் இடப்பக்கம். எழுதுவதற்குத் தடித்த மட்டைக் கொப்பி ஒன்று. சாட்சி சொல்வதை அவர் ஒரே வேகத்தில் எழுதிக்கொண்டே இருப்பார். பென்சிலைக் கீழே வைத்தாரென்றால் கேள்வி கேட்கும் வக்கீலுக்கு வியர்க்கத் தொடங்கும். ஏனென்றால், 'நீங்கள் கேட்பது எழுதத் தகுந்ததில்லை' என்று அதற்கு அர்த்தம். சாட்சிக்கூண்டிலிருந்து ஆள் இறங்கி முடியும்வரை எழும்பமாட்டார். கொலை செய்தவனென்றாலும் 'மிஸ்டர்' போட்டுத்தான் கூப்பிடுவார். என்னையும் 'மிஸ்டர் குகன்' என்றார். என் வாழ்க்கையில் அதற்கு முன் எனக்குக் கிடைத்த பட்டங்கள் எல்லாம் இந்த மலரில் அச்சடிக்க முடியாதவை.

அவர் நெடுவல், கழுத்து நீளம். நான் அவருக்குக் 'கொக்கர்' என்று பெயர் வைத்தேன். கட்டையான பதிவாளருக்கு, வெட்டாத முழு ரொட்டி என்ற அர்த்தத்தில், 'பாணுக்குற்றி'. தமிழ் மொழிபெயர்ப்பாளர் லலிதா மேடம் சென்னைக்காரர், சேலையோடு சப்பாத்துப் போட்டு வருபவர். அவருக்கு 'ஏர் இந்தியா'. யாருக்குப் பெயர் வைக்கவில்லை என்று கேட்டால் சுருக்கமாக முடியும்.

சேர்ந்த முதல் மாதமே நீதிபதி என்னிடம், தமிழில் காலை வணக்கம் எப்படிச் சொல்வது என்று கேட்டார். 'பசிக்குது' என்று சொல்லிக்கொடுத்தேன். கொப்பியில் எழுதிப் பழகினார். ஒரு மாதம் முழுக்க, தினமும் காலை, அங்கி போட்டுக்கொண்டே மிக மரியாதையாக, "பசிக்குது, மிஸ்டர் குகன்" என்பார். நானும் குனிந்து, "பசிக்குது சேர்" என்பேன். ஒருநாள் தமிழ் டாக்டர் ஒருவர் சாட்சி சொல்ல வந்தார். நீதிபதி மேடையிலிருந்து அவரைப் பார்த்து அன்போடு "பசிக்குது" என்றார். டாக்டரின் முகம் போன போக்கைப் பார்த்து நான் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டத் தொடங்கினேன்.

அடுத்த நாள் காலை என் மேசையில் கடதாசியில் சுற்றிய சான்ட்விச் ஒன்று இருந்தது. நீதிபதி அந்தப் பக்கமாக வந்து, "ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான்தான் கவனிக்கவில்லை" என்றார். அவ்வளவுதான். பதிவாளரிடம் போகவில்லை, கோபிக்கவில்லை.

அன்றைக்கு அவர் கன்னத்தில் ஒரு அறை தந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன். என்ன பகிடி விட்டாலும் சான்ட்விச்சோடு முடியும் என்று நம்பிவிட்டேன்.

இனி நடராசாவின் வழக்கு.

நடராசா பென்ரோஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவர். அகதியாக வந்து, வதிவிட அனுமதி கிடைத்து, வேலையும் வீடுமாக இருந்த மனிதர். குளிர்காலத்தில் ஒருநாள், மாலை ஆறு மணியளவில், தொழிற்சாலை முற்றத்தில் மேற்பார்வையாளர் ஒருவரை யாரோ இரும்புக் கம்பியால் தலையில் அடித்துவிட்டார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார். 'இருட்டில் முதுகைத்தான் கண்டேன், ஆனால் அது நடராசாதான்' என்றார் அவர். அன்று மத்தியானம் இருவருக்கும் வாக்குவாதம் நடந்தது உண்மை.

நடராசா, தான் அப்போது சான்ட்ரிங்ஹாமில் வீட்டில் இருந்ததாகச் சொன்னார். அதற்கு ஒரேயொரு சாட்சி அவருடைய மனைவி சிவகாமி. பொலிசாரிடமும் வக்கீலிடமும் அவர் ஒரே மாதிரிச் சொல்லியிருந்தார்: 'டிவியில் ஆறு மணிச் செய்தி தொடங்கும்போது என் கணவர் உள்ளே வந்தார்.' பென்ரோஸிலிருந்து இரண்டு பஸ் மாறி வரவேண்டும். ஆறு மணிக்கு வீட்டில் நின்றவர் ஆறு மணிக்குப் பென்ரோஸில் கம்பி ஓங்கியிருக்க முடியாது. முழு வழக்கும் இந்த ஒரு வசனத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

குற்றவாளி என்றால் சிறை. சிறையோடு முடியாது, வதிவிட அனுமதியும் போகும். பிறகு கொழும்புக்கு விமானம். அப்போது அங்கே இளந்தமிழர்கள் இறங்கினால் என்ன நடக்கும் என்று இந்த மலரை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை.

வெள்ளைக்கார ஜூரி பன்னிரண்டு பேர் ஒரு தமிழனின் மனைவியை நம்புவார்களோ என்ற பயத்தில், நடராசாவின் வக்கீல் ஜூரி வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டார். எங்கள் நீதிபதி ஒருவரே கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். வழக்குக்கு முதல்நாள் அவர் என்னை அறைக்குக் கூப்பிட்டு 'நடராசா', 'சிவகாமி' என்ற இரண்டு பெயர்களையும் பத்துத்தரம் சொல்லிப் பழகினார். இந்த முறை நான் சரியாகவே சொல்லிக்கொடுத்தேன். "நன்றாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், இதில் சாப்பாடு எதுவும் இல்லையே?" என்றார். இருவரும் சிரித்தோம்.

ஒவ்வொரு சாட்சிக்காரரையும் உள்ளே கூப்பிட முன் வெளியே போய், எதில் சத்தியம் செய்யப் போகிறார்கள் என்று கேட்பது கிரையரின் கடமை. பைபிள், குர்ஆன், கீதை எல்லாம் என் மேசை லாச்சிக்குள் தனித்தனித் துணிப்பையில் இருக்கும். ஒன்றும் வேண்டாமென்றால் கையை உயர்த்தி உறுதி சொல்லலாம். நான் கீதையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

சிவகாமி அக்கா வாங்குப் பலகையில் இருந்தார். எட்டு மாத வயிறு. பக்கத்தில் லலிதா மேடம்.

"அக்கா, எதில சத்தியம் பண்ணப் போறியள்? இது கீதை."

"தேவாரப் புத்தகம் இல்லையோ, தம்பி?"

"இதென்ன லைப்ரரியோ? இருக்கிறதில ஒண்டைப் பாருங்கோ."

லலிதா மேடம் சிரித்தார். "நீ சும்மா இருப்பா. அவங்களே டென்ஷனா இருக்காங்க. உள்ள போய் அவங்க கேக்கிறதுக்குப் பதில் சொன்னாப் போதும்மா, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

அக்கா துணிப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஊரில நாங்கள் சத்தியம் பண்ணுறேல்லை, தம்பி. அம்மா விடமாட்டா."

அந்த இடத்தில் நல்ல பிள்ளையென்றால், 'அப்படியென்றால் கையை உயர்த்தி உறுதி மட்டும் சொல்லுங்கோ, அதுவும் சட்டத்துக்குச் சரி' என்று சொல்லியிருப்பான். அதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? கீதையை அவர் வயிற்றுக்கு நேரே நீட்டி, குரலைக் கோயில் ஐயர் மாதிரி ஆக்கி, "அக்கா, கவனம். இதில கை வைச்சிட்டு ஒரு சொல்லுப் பிசகினாலும் பலன் உங்களுக்கில்லை. வயித்துக்குள்ள இருக்கிறாரே, அவருக்குத்தான்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கையை எடுத்து வயிற்றில் வைத்தார்.

'சும்மா பகிடிக்கு அக்கா' என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளேயிருந்து பதிவாளர் கையைக் காட்டினார். சொல்லாமலே அக்காவின் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டேன்.

கல்யாணம் செய்து ஒன்பது வருடத்துக்குப் பிறகு தங்கிய பிள்ளை என்றும், அதற்கு முன் இரண்டு தங்காமல் போனதென்றும் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் நான் வாயை மூடியிருப்பேனோ என்று இன்றைக்கும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

சாட்சிக்கூண்டில் அக்கா ஒரு கையைக் கீதையில் வைத்தார், மற்றக் கை வயிற்றிலேயே இருந்தது. நான் சொல்லிக்கொடுக்க, லலிதா மேடம் தமிழில் சொல்ல, அவர் முணுமுணுத்தார். முதல் கேள்விகள் பெயர், விலாசம். அதற்கே ஒவ்வொன்றாக யோசித்துப் பதில் சொன்னார். வீட்டு இலக்கத்தைச் சொல்லிவிட்டு, "ஓம், அதுதான்" என்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப்பார்த்தார்.

நடராசாவின் வக்கீல் கேட்டார்: "அன்று உங்கள் கணவர் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தார்?"

அக்கா லலிதா மேடத்திடம் கேள்வியை இன்னொருமுறை சொல்லச் சொன்னார். பிறகு, "ஆறு மணி எண்டு நினைக்கிறன். ஆனா நான் மணிக்கூடு பாக்கேல்லை" என்றார்.

"டிவியில் செய்தி தொடங்கியது என்று சொன்னீர்களே?"

"டிவி போய்க்கொண்டிருந்தது. நான் அடுப்படியில நிண்டனான். செய்தியோ வேற ஏதுமோ... எனக்கு இங்கிலீஸ் விளங்காது. நான் கண்ணால பாக்கேல்லை."

வக்கீலின் முகம் வெளுத்தது. குற்றவாளிக் கூண்டுக்குள் இருந்த நடராசா மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அரசாங்க வக்கீல் எழுந்து ஒரேயொரு கேள்வி கேட்டார்: "அப்படியானால் அது ஏழரை மணியாகக்கூட இருக்கலாம், இல்லையா?"

"நான் சத்தியம் பண்ணிப்போட்டன்" என்றார் அக்கா. "எனக்கு நிச்சயமாத் தெரியாது. தெரியாததை நான் சொல்லமாட்டன்."

லலிதா மேடம் அதை அப்படியே மொழிபெயர்த்தார். அரசாங்க வக்கீல் திரும்பித் தன் கதிரையில் இருந்துவிட்டார். நீதிபதியின் பென்சில் நின்றது. அவர் அக்காவைப் பார்க்கவில்லை. அக்கா எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பார்த்தார். அக்கா என் கையிலிருந்த துணிப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது வெள்ளிக்கிழமை. தீர்ப்புத் திங்கட்கிழமை என்று சொல்லிவிட்டு நீதிபதி எழும்பினார். நான் அறைக்குத் தேநீர் கொண்டுபோனேன். அங்கியைக் கழற்றாமலே இருந்தார்.

"மிஸ்டர் குகன், அந்தப் பெண் பொலிசாரிடம் உறுதியாகச் சொல்லியிருக்கிறார். இன்று அந்தப் புத்தகத்தைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார். நீங்கள் அவருடைய மக்களைச் சேர்ந்தவர். சத்தியம் பற்றி எனக்குத் தெரியாத ஏதாவது உண்டா?"

எனக்குத் தெரிந்த பதில் தொண்டைவரை வந்தது. அதோடு வேறு சிலவும் வந்தன. சாட்சிக்காரரோடு கிரையர் வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கக்கூடாது. வேலை போகும். அம்மாவின் கடிதம் பொய்யாகும். அதைவிட, 'மிஸ்டர் குகன்' என்று என்னைக் கூப்பிடும் ஒரே மனிதர் இனி அப்படிக் கூப்பிடமாட்டார்.

"இல்லை சேர்," என்றேன். "பயந்திட்டா போல."

"நன்றி" என்றார். கொப்பியைத் திறந்தார்.

திங்கட்கிழமை வாசித்த தீர்ப்பில் அரைப் பக்கம் சிவகாமி அக்காவைப் பற்றியது. 'இவர் பொய் சொல்பவர் என்று நான் எண்ணவில்லை. மாறாக, நேர்மையானவர் என்பதால்தான் சத்தியத்தின் பின் தம்மால் உறுதிப்படுத்த முடியாத ஒன்றைச் சொல்ல மறுத்தார்' என்று எழுதியிருந்தார். ஒருவரை இவ்வளவு மரியாதையாகக் குழியில் தள்ளியதை நான் முன்பும் பின்பும் கண்டதில்லை. மண்வெட்டி கொடுத்தது நான். தீர்ப்பின் கடைசி வரி: குற்றவாளி. நடராசாவைக் கீழே சிறைக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

வெளியே அக்கா சுவரோடு சாய்ந்து நின்றார். அழவில்லை. என்னைக் கண்டதும் கிட்ட வந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கியிருப்பேன்.

"தம்பி, நான் ஒண்டும் பிசகாச் சொல்லேல்லைத்தானே? பிள்ளைக்கு ஒண்டும் வராதுதானே?"

அவருக்குக் கோபம் இல்லை. சட்டம் தெரிந்த ஆளிடம் கேட்பது போலக் கேட்டார். 'வராது' என்று தலையை மட்டும் ஆட்டினேன். பகிடி விட மட்டும் தெரிந்த வாய்.

அப்போதாவது ஓடிப்போய்ச் சொன்னேனா? இல்லை. இரண்டு கிழமை கழித்துத் தண்டனை சொன்ன நாளிலும் 'எல்லோரும் எழுந்து நில்லுங்கள்' என்று தொண்டை கிழியக் கத்தினேன். இரண்டரை வருடம். அதற்குப் பிறகும் ஒரு கிழமை போனது. மத்தியானத்தில் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டுதான் இருந்தேன். லோ படிக்கிற பிள்ளைகள் இந்தப் பந்தியை இரண்டுதரம் வாசியுங்கள். ஒரு பிழையை விட்டவனுக்கு அதைச் சொல்லாமல் இருப்பது எவ்வளவு சுகம் என்று யாரும் உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தரமாட்டார்கள்.

ஒரு வியாழக்கிழமை லலிதா மேடம் படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

"குகன், சிவகாமிக்குக் குழந்தை பொறந்திருக்கு. பொண்ணு. பாத்துட்டுத்தான் வரேன்."

"சந்தோசம் மேடம்."

"அவங்க நர்ஸ்கிட்ட விரலெல்லாம் இருக்கா, கண்ணு தெரியுதான்னு திரும்பத் திரும்பக் கேக்கறாங்க. நான்தான் இங்கிலீஷ்ல எடுத்துச் சொன்னேன். குழந்தை நல்லாத்தான் இருக்கு, நம்பவே மாட்டேங்கறாங்க. 'கோட்டில ஏதும் பிழையாச் சொல்லியிருப்பனோ'ன்னு என்கிட்ட கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"தெரியாது" என்றேன். அக்காவிடம் ஒன்று, நீதிபதியிடம் ஒன்று, இது மூன்றாவது பொய். அதைச் சொல்லி முடித்து நாலு படி இறங்கினேன். திரும்பி ஏறினேன். நேரே நீதிபதியின் அறைக்குப் போனேன். தட்டக்கூட இல்லை.

"சேர், நடராசாவின்ர வழக்கில..."

அவர் உடனே கையை உயர்த்தினார். "நிறுத்துங்கள். நான் தண்டனை கொடுத்த வழக்கா?"

"ஓம் சேர்."

"அப்படியானால் நான் மட்டும் தனியாகக் கேட்கக்கூடாது." எழுந்து போய்ப் பதிவாளரைக் கூட்டிவந்தார். என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னார். ஏழு வருடத்தில் அந்தக் கதிரையில் நான் இருந்தது அன்றைக்கு மட்டும்தான். "இனிச் சொல்லுங்கள்."

சொன்னேன். கீதையை எங்கே நீட்டினேன், குரலை எப்படி மாற்றினேன், எல்லாம். அந்த வசனத்தை ஆங்கிலத்தில் சொல்லும்போது அதில் பகிடி எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. பதிவாளர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நீதிபதி ஒரே வேகத்தில் எழுதினார். முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த வெள்ளிக்கிழமை நான் உங்களைக் கேட்டபோது, பதில் உங்களுக்குத் தெரிந்திருந்ததா?"

"ஓம் சேர்."

அதையும் எழுதினார். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பதிவாளரிடம் சொன்னார்: "நான் கேட்டதையும் எழுத வேண்டும். என் மனதில் சந்தேகம் இருந்தது. அதை மன்றத்தில், இரண்டு வக்கீல்களுக்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டும். நான் தேநீர் குடித்துக்கொண்டு என் கிரையரிடம் கேட்டேன்."

"அது எழுதத் தேவையில்லையே, ஐயா" என்றார் பதிவாளர் மெதுவாக. "இவர் செய்ததே போதும், வழக்குத் திரும்பிவிடும்."

"தேவை" என்றார் நீதிபதி.

அன்று மத்தியானமே இரண்டு வக்கீல்களுக்கும் கடிதம் போனது. நான் நடந்ததை எழுதிக் கையெழுத்து வைத்தேன். வைக்க முன் எனக்குச் சத்தியம் செய்து வைத்தார்கள். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பதிவாளர். நான் வைத்த பட்டப்பெயருக்கு அந்த மனிதர் எந்தக் காலத்திலும் பொருத்தமானவர் இல்லை என்று அன்றுதான் கண்டேன். முடிந்தபின் என் தோளில் ஒருமுறை தட்டிவிட்டுப் போனார்.

நான் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். நீதிபதி கை குலுக்கினார். "மிஸ்டர் குகன்" என்றுதான் அப்போதும் கூப்பிட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மன்னிக்கும் உரிமை தனக்கில்லை என்று அவருக்குத் தெரியும்.

வெலிங்டனில் மூன்று நீதிபதிகள் இரண்டு கடதாசிகளையும், என்னுடையதையும் நீதிபதியுடையதையும், வாசித்துத் தீர்ப்பை ரத்துச் செய்தார்கள். புது நீதிபதி முன் புது விசாரணை என்றார்கள். எங்கள் நீதிபதி சாட்சியைப் பற்றித் தனியறையில் கேட்டது முறையில்லை என்றும் இரண்டு வரி எழுதினார்கள். அந்த வருடம் அவர்தான் வெலிங்டனுக்கு மேலே போவார் என்று வக்கீல்மார் எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு வரிக்குப் பிறகு அந்தக் கதையே நின்றுபோனது. அவர் அந்த வசனத்தை எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நானும் சொல்லியிருக்கமாட்டேன். பத்திரிகைக்காரர் கடல் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

நடராசா நான்கு மாதம் உள்ளே இருந்துவிட்டுப் பிணையில் வந்தார். மகளின் முதல் சிரிப்பு அவருக்கு ஒரு போட்டோவாகத்தான் கிடைத்ததாம்.

இரண்டாவது விசாரணையில் அவர் விடுதலையானார். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் குடும்பம் இன்று நல்லாயிருக்கிறது, யாரும் அவர்களை அனுப்பவில்லை. ஆனால் அந்த விசாரணையின் முதல் நாளில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நான் மறுபடியும் பாதி சொன்னவனாகிவிடுவேன்.

நான் போயிருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. உள்ளே போகத் துணிவில்லாமல் வெளி வாங்கில் இருந்தேன். சாட்சிகள் இருக்கும் அறையிலிருந்து சிவகாமி அக்கா பிள்ளையோடு வந்தார். பிள்ளைக்கு ஆறு மாதமளவில் இருக்கும். புதுக் கிரையர், ஒரு வெள்ளைக்காரப் பெட்டை, அவரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். லலிதா மேடம் தமிழில் சொன்னார். அக்கா எந்தப் புத்தகத்தைச் சொன்னாரோ, கையைத்தான் உயர்த்துகிறேன் என்றாரோ, எனக்குத் தெரியாது. காதைத் திருப்பிக்கொண்டேன்.

பிள்ளையை உள்ளே கொண்டுபோக முடியாது. கணவர் மன்றத்துக்குள். லலிதா மேடமும் உள்ளே போகவேண்டியவர். அக்கா சுற்றிப் பார்த்தார். அவர்களை விட்டால் அந்த இடத்தில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எழும்பி இரண்டு கையையும் நீட்டினேன்.

அவர் என்னைப் பார்த்தார். நடந்ததெல்லாம் அதற்குள் அவருக்குத் தெரியும். வக்கீல் சொல்லியிருப்பார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. என்னைக் கடந்து போய், வாசலில் நின்ற பெண் பொலிசிடம் பிள்ளையைக் கொடுத்தார்.

"பிளீஸ்," என்றார். அவருக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தைச் சேர்த்து, "நொட் ஹிம்" என்றார்.

கதவு மூடியது. பிள்ளை அழத் தொடங்கியது. பொலிஸ்காரி தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். என் கை இன்னும் நீட்டியபடிதான் இருந்திருக்க வேண்டும்.

"உங்களுடைய மொழிக்காரர்தானே? ஏன் உங்களிடம் கொடுக்க வேண்டாமென்கிறார்?"

என் வாழ்க்கையில் யாராவது ஏதாவது கேட்டால் பதில் ரெடியாக இருக்கும். அன்றைக்கும் ஒன்று நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கினேன்.

"அவ சொன்னது சரி" என்றேன். "நீங்களே வைச்சிருங்கோ."

போய் வாங்கின் மற்ற முனைத் தொங்கலில், பிள்ளைக்கு என் முகம் தெரியாத பக்கமாகத் திரும்பி இருந்தேன். அழுகை நிற்கக் கனநேரம் எடுத்தது.